என் மணிக்கட்டில் இருந்த பத்து மாதம்

பழனியில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையில் காற்றுப் பட்டால் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: முதலில் சில்லென்று குளிரும், பிறகு சந்தனம் காயக் காயத் தோல் இழுக்கும், கையை வைத்தால் பொடி உதிரும். நான்கு வயதில் அந்தத் தலையின் மேல் என் வலது கை வழுக்கிக்கொண்டு போய் இடது காதின் நுனியைத் தொட்டதுதான் என் நினைவில் இருக்கும் முதல் காரியம். காது குத்தி ஒரு வாரம்கூட ஆகாததால் விரல் பட்ட இடம் சுரீரென்று வலித்தது. அழக் கூடாது என்று அம்மா முன்பே சொல்லியிருந்ததால் அழவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் பெரும்பாறையில் காப்பித் தோட்டத்து லைன் வீடுகளில் இருந்த எங்கள் யாரிடமும் அது இருந்திருக்காது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருடம் வா, அவ்வளவுதான் சட்டம். இதை மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பிறக்கும்போது பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. பிறகு கை கால் எலும்புகள் மளமளவென்று நீள, தலை மட்டும் நிதானமாகவே பெரிதாகும். ஐந்தாறு வயதில்தான் கை ஒருவழியாகத் தலையைத் தாண்டி அந்தப் பக்கத்துக் காதை எட்டும். கண்டுபிடித்தவர் யாரோ பிள்ளைகளை நன்றாகப் பார்த்தவர்தான். ஆனால் அவர் என் அம்மாவைப் பார்த்ததில்லை.

அந்த வருடம் அப்பா மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பாயில் கிடந்தார். அம்மா ஒருத்தியின் தினக்கூலியில் நான்கு வயிறு நிறைய வேண்டும். என் அக்கா முந்தின வருடமே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதால் அவளுக்கு மதியச் சோறு அங்கே கிடைத்தது. எனக்கும் அந்தச் சோறு கிடைக்க வேண்டுமானால் எனக்கு ஐந்து வயது ஆக வேண்டும், ஆவதற்கோ இன்னும் பத்து மாதம் இருந்தது. பத்து மாதம் பொறுத்திருக்க அம்மாவுக்கு வழியில்லை.

களை வெட்டிவிட்டு வந்து, பச்சைப்புல் வாசனை போகாத கையோடு அவள் என்னை வாசலில் நிறுத்திப் பழக்குவாள். என் கை இயல்பாகவே நீளம். இருந்தாலும் காதுக்கு ஒரு விரல் அகலம் குறைந்தது. "ஏ புள்ள, தலையைச் சாய்க்கிறது தெரியக் கூடாது. சாமி கும்புடுற மாதிரி மெதுவாச் சாய்" என்பாள். என் தோளைக் கீழே அமுக்குவாள், முழங்கையைத் தூக்கிப் பிடிப்பாள், கழுத்தை அரை விரல் அளவு வளைப்பாள். பிறகு அப்பா எழுந்து நடக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டு, மே மாதக் கடைசியில் என்னைப் பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுக் காதும் குத்தினாள். அப்பா ஆறு மாதத்தில் நொண்டிக்கொண்டாவது நடந்துவிட்டார், அது முருகன் கணக்கு. ஆனால் மொட்டைக்கு இன்னொரு காரணமும் இருந்ததைப் பல வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னாள்: "முடி இருந்தா கை வழுக்காதுல்ல. ஒரு வெரக்கடை மிச்சம்."

ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம் அது. வாத்தியாருக்கும் தலைக்கணக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. என் விரல் காதைத் தொட்டதைப் பார்த்தார், என் தலை சாய்ந்ததையும் பார்த்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சந்தனத் தலையைத் தட்டிக்கொடுத்து, "போய் ஒக்காரு" என்றார். அந்த ஜூன் மாதம் சேர்ந்த பதினொரு பேருக்கும் ஜூன் ஒன்று என்று ஒரே பிறந்த நாளை எழுதினார். ஒரே நாளில் பதினொரு பிரசவம் பார்த்த கைராசிக்காரர்.

உண்மையில் நான் பிறந்தது ஜூனிலேயே இல்லை. காப்பிப் பூ பூத்த பத்தாம் நாள் என்பது அம்மாவின் கணக்கு. பங்குனியில் ஒரு மழை பெய்தால் எட்டொன்பது நாளில் மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்து, வாசனை லைன் வீட்டுக்குள் வரை வந்து நிற்கும். அது வாடி உதிர்ந்து முடிந்த நாளில் நான் பிறந்தேனாம். அதை வாத்தியாரின் பேரேட்டில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. எழுதப்பட்ட வயதுக்கும் என் வயதுக்கும் நடுவே பத்து மாதம் இப்படித்தான் விழுந்தது.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னைக் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் ஒரு விடுதியில் சேர்த்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெரும்பாறைக்காரிக்கு அந்தக் குளிர் புதிது. குளிர் தாங்காமல் ஓடத் தொடங்கினேன், பிறகு ஓட்டமே பிடித்துப்போயிற்று. நீளக் கையைக் கேலி செய்து "கொரங்குக் கை" என்று கூப்பிட்டவர்கள், காலும் அதே நீளம் என்பதைப் பிறகுதான் கண்டார்கள். ரெஜினா டீச்சர் எங்களுக்கு விளையாட்டு டீச்சர். பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கும்படி விசில் ஊதுவார். பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான இருநூறு மீட்டர் ஓட்டத்துக்கு என் பெயரைக் கொடுத்தார். அதில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் அடுத்த கட்டப் போட்டிக்கு மதுரைக்குப் போவார்கள். மதுரையை நான் பார்த்ததில்லை. அந்தப் பந்தயத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்றால், இரவில் தூங்கும்போதும் கால் உதைத்துப் பக்கத்துப் பாய்க்காரி என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

விண்ணப்பத்தில் பிறந்த தேதியை எழுதியபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. ஜூன் கடைசிக்குள் பதினான்கு முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. சான்றிதழின்படி எனக்கு ஜூன் ஒன்றாம் தேதியே முடிந்துவிட்டது. நான் டீச்சரிடம் அடம்பிடித்தேன்: "டீச்சர், அது எனக்கு வாத்தியார் வச்ச பொறந்த நாளு. எங்க அம்மா பெத்த நாளு வேற." டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். எலும்பைப் படம் எடுத்தால் டாக்டர்கள் வயது சொல்லிவிடுவார்கள், கோர்ட்டில்கூட அதை ஒப்புக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரிய வகுப்பு அக்காக்களோடு ஓடிக்கொள் என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் சொல்லாததற்காகவே அவரை நான் மறக்க மாட்டேன்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை இருட்டாக, புளித்த மருந்து வாடையோடு இருந்தது. ஐஸ் போலக் குளிர்ந்த பலகையில் வலது கையை விரித்து வைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சொட்டச் சொட்ட நனைந்த படத்தைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார் படம் எடுத்தவர். என் கையை உள்ளிருந்து அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு விரலெலும்பின் முனையிலும் ஒரு கறுப்புக் கோடு; மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு நீள எலும்புகளின் நுனியும் தனியாக வெட்டி வைத்தது போல விலகி நின்றது. "சார், எங்கையி ஒடஞ்சு கெடக்கு!" என்று கத்தினேன்.

"ஒடையல புள்ள. வளருது" என்றார் அவர், படத்தை உதறிக்கொண்டே. "அந்தக் கோட்டுலதான் எலும்பு நீளும். நீண்டு முடிஞ்சா ஒட்டிக்கும். ஒனக்கு இன்னும் ஒட்டல."

அந்த வார்த்தைகளை அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்கு இன்னும் ஒட்டவில்லை! அந்தக் கறுப்புக் கோட்டில் இருப்பது எலும்பல்ல, குருத்து என்பதும், பிறந்த குழந்தையின் மணிக்கட்டுப் படத்தில் ஓர் எலும்பும் தெரியாது, எட்டு இடத்திலும் குருத்துதான் இருக்கும், அவை வருடத்துக்கு ஒன்றாக எலும்பாகி வரும் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நான்கு வயதில் வாத்தியார் முன் நின்றேனே, அப்போது என் மணிக்கட்டில் எலும்பாகியிருந்தவை நாலோ ஐந்தோதான் இருக்கும். அந்த நாலைந்து எலும்பை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் மதியச் சோற்றுக்குக் கை நீட்டியிருக்கிறேன்.

டாக்டர் எழுதித் தந்த சீட்டில் "வயது பதின்மூன்றுக்கு மேல், பதினைந்துக்குள்" என்று இருந்தது. எலும்பு அவ்வளவுதான் சொல்லும். பொய்யும் சொல்லாது, தேதியும் சொல்லாது. அன்று எனக்கு அது புரியவில்லை. பதின்மூன்று என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு விடுதி வரைக்கும் குதித்துக்கொண்டு வந்தேன்.

பந்தயத்தன்று அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெள்ளனே முதல் பஸ் ஏறி, பண்ணைக்காடு வழியாக வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். மைதானத்து ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி என் சான்றிதழை ஒரு கையிலும் டாக்டர் சீட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "இது உத்தேசம். அது தேதி. எதை நான் எடுத்துக்கிறது?"

"தேதியே உத்தேசந்தான் சார்" என்றார் டீச்சர்.

அம்மா எக்ஸ்ரே படத்தைத் தலைகீழாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்தா பாருங்க சார், புள்ளைக்கு எலும்பு இன்னும் கூடல. அஞ்சு வயசுன்னு எழுதயில அவளுக்கு நாலுதான் சார், அஞ்சு ஆக இன்னும் பத்து மாசம் கெடந்துச்சு. தலையைச் சாய்ச்சுத் தொடுன்னு நாந்தான் பழக்கிவிட்டேன்."

"அப்ப பொய் சொல்லித்தான் சேத்திருக்க."

"ஆமா சார். சோத்துக்குத்தான் சேத்தேன். நாலு வயசுன்னா பசிக்காதா சார்?"

அம்மா தலைகுனிந்து அதைச் சொல்லவில்லை. சுற்றி நின்ற அத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. என் பத்து மாதத்தை எடுத்துக்கொண்டவளும் அவள்தான், அதைத் திருப்பிக் கேட்டு நூறு பேர் முன்னால் நின்றவளும் அவள்தான் என்று நெஞ்சு விம்மியது.

"பத்து மாசந்தானேம்மா, அடுத்த பிரிவுல ஓடட்டும்" என்றார் அதிகாரி.

"பத்து மாசம் சொமந்தவகிட்ட வந்து பத்து மாசந்தானேங்குறீங்க" என்றாள் அம்மா. அதிகாரி காகிதங்களை மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டார்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் எட்டுப் பேர் கோட்டில் நின்றார்கள். நான் ஒன்பதாவதாகப் போய், கடைசிச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, ஈரப் புல்லில் நின்றேன். யாரும் சொல்லித்தரவில்லை, திட்டமும் போடவில்லை. கால் அங்கே போய் நின்றது, நானும் நின்றேன். விசில் ஊதுகிறவர் என்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். "நான் கோட்டுக்கு வெளியதான சார் நிக்கிறேன்" என்றேன். ஊதிவிட்டார்.

புல் வழுக்கியது, வளைவில் மற்றவர்களைவிட எனக்குத் தூரமும் அதிகம். மைதானத்து ஓரம் நின்றவர்கள் சிரித்ததும் கேட்டது, வளைவு திரும்பும்போது சிரிப்பு நின்றதும் கேட்டது. "வெரசா, வெரசா!" என்ற அம்மாவின் குரல் மட்டும் கடைசி வரை கேட்டது. நான் முதலாவதாக வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஓர் உயரமான பெண் என்னை முந்திவிட்டாள், அவள் நல்ல ஓட்டக்காரி. நான் இரண்டாவது. கோட்டுக்கு உள்ளே ஓடியவர்களில் ஏழு பேர் எனக்குப் பின்னால் வந்தார்கள், அவர்களில் ஒருத்திக்கு இரண்டாம் பரிசு கொடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னதற்கு, "நான் கோட்டுக்கு வெளியேதான் ஓடினேன்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். அது மன்னிப்பு ஆகாது என்றார்கள். ஆகாதுதான், நான் அதற்காக எழுதவும் இல்லை. அம்மா எக்ஸ்ரே படத்தை ஊருக்கு எடுத்துப்போய் ஜன்னலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். காலையில் வெயில் ஏறும்போது என் கை சுவரில் விழும்.

பிறகு நான் எக்ஸ்ரே எடுக்கிற படிப்பையே படித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இத்தனை வருடத்தில் கவுஞ்சி மலைத் தோட்டங்களில் முட்டைக்கோசு மூட்டையோடு படியில் சறுக்கியவர்கள், சுற்றுலா வந்து குதிரையிலிருந்து விழுந்தவர்கள், அப்பா மாதிரி ஏணியிலிருந்து விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேரின் எலும்பைப் படம் எடுத்துவிட்டேன். பிள்ளைகளின் கையைப் படம் எடுத்தால் அந்தக் கறுப்புக் கோட்டை அவர்களுக்குக் காட்டாமல் அனுப்ப மாட்டேன்; அதற்காக வரிசை நீளுகிறது என்று என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமே பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டேன். "ஆதாரம் போதாது" என்று வந்தது. ஆதாரம் பெரும்பாறையில் மிளகு உதிர்த்துக்கொண்டிருக்கிறது, வந்து கேளுங்கள் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

இன்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கணினி பிறந்த தேதியைக் கேட்கிறது. காதைத் தொடச் சொல்ல யாரும் இல்லை. இருட்டறையும் இல்லை, சொட்டும் படமும் இல்லை, கை திரையில் வந்து விழுகிறது. ஜன்னலில் மாட்டிய என் படம் வெயிலில் மஞ்சளாகி, பிறகு வெறும் பழுப்புத் தகடாகிவிட்டது. என் கையிலிருந்த கோடுகளும் எப்போதோ ஒட்டிப்போயின. இப்போது படம் எடுத்தால் மணிக்கட்டு என் வயதைக் காட்டிக்கொடுக்காது, கொஞ்சம் தேய்மானத்தைத்தான் காட்டும். போகாதது அந்த ஜூன் ஒன்று மட்டும்தான்.

ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் அறுபது முடியும் மே முப்பத்தொன்றில் ஓய்வு பெற வேண்டும். எங்கள் பக்கத்து அலுவலகங்களில் மே மாதக் கடைசியில் மாலை கட்டுகிறவர்களுக்கு நல்ல வியாபாரம். அத்தனை பேரும் காது தொட்டவர்கள். வருகிற மே முப்பத்தொன்றில் எனக்கும் மாலை. போன மாதம் காப்பிப் பூ பூத்த பத்தாம் நாள், எண்பதைத் தாண்டிய அம்மா போனில் கூப்பிட்டு, "ஒனக்கு இன்னைக்குத்தான் அம்பத்தொம்பது முடியுது. யாரு என்ன சொன்னாலும் ஒனக்கு இன்னும் பத்து மாசம் கெடக்கு" என்றாள்.

எனவே போன வாரம் மறுபடி மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையானவர், நாற்காலி கொடுத்தார். மனுவைப் படித்துவிட்டு, "மேடம், பத்து மாசந்தானே? வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்களேன்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். எத்தனையோ வருடம் நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைத்ததில் என் வலது தோள்மூட்டு இறுகிவிட்டது. தலை பின்னுவதே பெரும்பாடு. அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, இடது காதுக்குக் கொண்டுபோனேன். உச்சந்தலையோடு நின்றுவிட்டது. தலையைச் சாய்க்கவில்லை.

"தம்பி, இந்தக் கை காதைத் தொட்டுருச்சுன்னுதான் எனக்கு அஞ்சு வயசுன்னு எழுதுனாங்க. அது ஒண்ணுதான் ஒங்ககிட்ட இருக்குற ஆதாரம். இப்பப் பாருங்க, தொடல. அப்ப எனக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகல. அஞ்சு வயசு ஆகாத புள்ளைய எப்படிய்யா ரிட்டயர் பண்ணுவீங்க?"

அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இது செல்லாது மேடம்" என்றார் மெதுவாக.

"செல்லுதோ செல்லலையோ, வாங்கிக்கிட்டோம்னு ஒரு சீல் போடுங்க" என்றேன்.

தோள் விண்விண்ணென்று தெறித்தது. அவர் மேசையைத் துழாவி, சீலைத் தேடி எடுத்து, மையில் ஒற்றி என் மனுவின் மேல் அழுத்தும் வரை கையைத் தலையிலிருந்து நான் இறக்கவில்லை.